தங்கக் கோடரி: ஒரு விளையாட்டு, இரண்டு வாள்



"வீடியோ கேமைப் பத்தியெல்லாம் சுவர்ப் பத்திரிகையில எழுதலாமாங்க ஐயா?" என்று தமிழ் ஐயாவிடம் கேட்டேன். "எதைப் பத்தி வேணாலும் எழுதுடா. படிக்கிறவனுக்கு ஒரு விஷயம் கிடைக்கணும், அவ்வளவுதான்" என்றார். அதனால் எழுதுகிறேன். கிடைத்ததா இல்லையா என்று நீங்கள் சொல்லுங்கள்.

விளையாட்டு எது?

பெயர் கோல்டன் ஆக்ஸ், அதாவது தங்கக் கோடரி. ஜப்பான் நாட்டு சேகா கம்பெனி 1989-ஆம் ஆண்டு வெளியிட்டது. வடிவமைத்தவர் மகோடோ உச்சிதா. முதலில் கடையில் காசு போட்டு ஆடும் பெரிய பெட்டியாக வந்தது. பிறகு டி.வி.யில் மாட்டி ஆடும் மெகா டிரைவ் கருவிக்கும், கம்ப்யூட்டருக்கும் வந்தது. நம்ம அப்பா அம்மா சின்னப் பிள்ளையாக இருந்த காலத்து விளையாட்டு!

எனக்கு இது கிடைத்த இடம் போளூரில் பெரியம்மா வீடு. அங்கே ஒரு பழைய கம்ப்யூட்டர் இருக்கிறது. காலாண்டு லீவுக்கு நானும் என் மாமன் மகனும் மலையிலிருந்து பஸ் ஏறிப் போயிருந்தோம். அவன் யார் என்று உங்களுக்கே தெரியும், நம்ம வகுப்புதான்.

கதைச் சுருக்கம்

நாட்டின் பெயர் யூரியா. சிரிக்காதீங்க, வயலுக்குப் போடும் யூரியா இல்லை! டெத் ஆடர் என்ற கொடியவன் அந்த நாட்டு ராஜாவையும் இளவரசியையும் சிறைபிடித்து, தங்கக் கோடரியையும் பறித்துக்கொள்கிறான். அவனை எதிர்க்க மூன்று பேர் கிளம்புகிறார்கள். வாள் பிடித்த ஆக்ஸ் பேட்லர், வாள் பிடித்த பெண் டைரிஸ் ஃப்ளேர், கோடரி பிடித்த குள்ளர் கிலியஸ் தண்டர்ஹெட். மூன்று பேருடைய சொந்தங்களையும் அவன் கொன்றிருக்கிறான். ஒருவருக்கு அம்மா, ஒருவருக்கு அப்பா அம்மா இருவரும், ஒருவருக்கு அண்ணன் தம்பி உறவு.

இந்த மூவரில் இரண்டு பேரைத் தேர்ந்தெடுத்து இரண்டு பேர் ஒரே நேரத்தில், ஒரே திரையில் ஆடலாம். இதைத்தான் கூட்டு விளையாட்டு என்கிறார்கள். எதிரே எதிரே நின்று மோதுவது இல்லை, ஒரே பக்கம் நின்று மோதுவது.

வாள் பிடித்த வீரன் கதை நமக்குப் புதுசு இல்லை. நம்ம மலை அடிவாரத்தில் செங்கம், தண்டராம்பட்டு பக்கம் நடுகற்கள் நிறைய உண்டு. 7-ஆம் நூற்றாண்டில், மகேந்திரவர்ம பல்லவன் காலத்தில் எடுத்த ஒரு கல்லில் கருந்தேவக்கத்தி என்ற வீரனோடு அவன் நாயும் இருக்கிறது. நாயின் பெயர் கோவிவன். கள்ளர் இருவரைக் கடித்ததாகக் கல்லிலேயே எழுதியிருக்கிறது. இந்தக் கல்லைக் கொஞ்சம் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், கடைசியில் வருகிறேன்.

நிறைகள்

1. மூன்று பேருக்கும் மூன்று விதமான பலம். டைரிஸுக்கு நெருப்பு மந்திரம், 6 படி வரை ஏறும். ஆக்ஸ் பேட்லருக்கு 4 படி. கிலியஸுக்கு மின்னல் மந்திரம், ஆனால் 3 படிதான். யாரும் எல்லாவற்றிலும் பெரியவர் இல்லை. "நீ மந்திரம் பாரு, நான் சண்டை பாக்குறேன்" என்று வேலையைப் பிரிக்கத் தோன்றும்.

2. இடங்கள் செம கற்பனை. ஒரு ஊரே பெரிய ஆமையின் முதுகில் இருக்கும். அப்புறம் பிரமாண்டமான கழுகின் முதுகில் சண்டை நடக்கும். தரையிலிருந்து எலும்புக்கூடுகள் எழுந்து வரும்.

3. ஏறிச் சவாரி செய்ய விலங்குகள் உண்டு. ஒன்று வாலால் சுழற்றி அடிக்கும், மற்றவை நெருப்புக் கக்கும். எதிரி ஏறி வந்தால் அவனைத் தள்ளிவிட்டு நாம் ஏறிக்கொள்ளலாம்.

4. பள்ளம் இருக்கும் இடத்தில் எதிரியை ஆசைகாட்டி ஓடவைத்தால் அவனாகவே விழுந்து போவான். ஒருவன் நின்று ஏமாற்ற, இன்னொருவன் பின்னால் வருபவனைத் தடுக்க வேண்டும். இது சரியாக அமைந்தால் வரும் சந்தோஷம் தனியாக ஆடும்போது வரவே வராது.

குறைகள்

1. குப்பிச் சண்டை. மூட்டை தூக்கிய குட்டிக் குள்ளர்கள் ஓடி வருவார்கள். உதைத்தால் நீலக் குள்ளனிடமிருந்து மந்திரக் குப்பி விழும், பச்சைக் குள்ளனிடமிருந்து உயிர் தரும் இறைச்சி விழும். யார் முதலில் எடுக்கிறார்களோ அவர்களுக்குத்தான். உயிர் குறைந்தவன் அந்தப் பக்கம் தவிப்பான், உயிர் நிறைந்தவன் இந்தப் பக்கம் சாப்பிட்டுவிடுவான். இந்தத் தொல்லை பழையது. அமெரிக்காவின் அட்டாரி கம்பெனி 1985-இல் நான்கு பேர் ஆடும் காண்ட்லெட் என்ற விளையாட்டை வெளியிட்டது. அதில் கூட்டாளி தவறிச் சுட்டால் சாப்பாடே வீணாகிவிடும்!

2. மந்திரம் மொத்தமும் காலி. பட்டனை அழுத்தினால் சேர்த்துவைத்த குப்பி எல்லாமே ஒரே தடவையில் போய்விடும். பாதி வைத்துக்கொள்ள முடியாது. 1991-இல் வந்த இரண்டாம் பாகத்தில் எவ்வளவு வேண்டும் என்று நாமே முடிவு செய்யும்படி மாற்றினார்கள்.

3. சேவ் செய்ய வழி இல்லை. எல்லா வாய்ப்பும் தீர்ந்தால் திரும்பவும் முதலிலிருந்துதான். கரண்ட் போனாலும் அதே கதி.

4. கீபோர்டு கைவிரிக்கும். ஒரே கீபோர்டில் இரண்டு பேர் ஆடும்போது சில நேரம் பட்டனை அழுத்தினாலும் ஆள் அசைய மாட்டான். "நீ வேணும்னே என் கையைத் தட்டுற" என்று சண்டை வந்தது. காரணம் அதில்லை. கம்ப்யூட்டர் சாரிடம் கேட்டுத் தெரிந்துகொண்டேன். கீபோர்டுக்குள் ஒவ்வொரு பட்டனுக்கும் தனித்தனி கம்பி கிடையாது. கட்டம் போட்ட நோட்டு மாதிரி குறுக்கேயும் நெடுக்கேயும் கம்பிகள் போகும், அவை சந்திக்கும் இடத்தில் பட்டன் இருக்கும். ஒரு செவ்வகத்தின் மூன்று மூலைகளில் உள்ள பட்டன்களை ஒரே நேரத்தில் அழுத்தினால், நான்காவது மூலை அழுத்தப்பட்டதா இல்லையா என்று கீபோர்டுக்குக் குழம்பிவிடும். அதனால் பல கீபோர்டுகள் அப்படி வரும் பட்டனை ஒதுக்கிவிடும். ஷிஃப்ட், கண்ட்ரோல் பட்டன்களுக்குப் பெரும்பாலும் தனிக் கம்பி இருக்கும். வெட்டும் பட்டனை அங்கே மாற்றிவைத்தோம், தொல்லை ரொம்பக் குறைந்தது.

5. இதுதான் பெரிய குறை. நம் வாள் கூட்டாளியையும் வெட்டும்! மந்திரம் எதிரியை மட்டும்தான் தாக்கும். ஆனால் வாளுக்கு எதிரி யார், நண்பன் யார் என்று தெரியாது.

எங்கள் சண்டை

லீவின் நான்காம் நாள். கடைசிக் கோட்டை வரைக்கும் வந்துவிட்டோம். இரண்டு பேருக்கும் கடைசி உயிர். நடுவில் ஒருவனை வைத்து நான் இந்தப் பக்கம், அவன் அந்தப் பக்கம் நின்று வெட்டினோம். எதிரி சட்டென்று விழுந்தான். என் வாள் நிற்கவில்லை, மாமன் மகன்மேல் பட்டது. "என்ன மச்சான், என்னையே வெட்டுற?" என்று திருப்பி வெட்டினான். நானும் வெட்டினேன். அவன் ஆள் செத்துப்போனான். அவன் எழுந்து சுவிட்சை அணைத்தான்.

மலைக்குத் திரும்பும்போது பஸ்சில் ஆளுக்கொரு சீட். பள்ளி திறந்து 11 நாள் பேசவில்லை. சாப்பாட்டு வரிசையில்கூடத் தள்ளித்தான் நின்றோம். எப்படி ராசி ஆனோம் என்றால், அவனுக்குக் காய்ச்சல் வந்தது, நோட்டு எழுதிக் கொடுத்தேன். அவ்வளவுதான். ஆனால் கேமைப் பற்றி இரண்டு பேருமே வாய் திறக்கவில்லை.

நாங்கள் கண்டுபிடித்தது

பொங்கல் லீவில் மறுபடி போளூர். இந்த முறை பக்கத்தில் ஒரு நோட்டு வைத்தோம். யார் வாள் யார்மேல் பட்டாலும் ஒரு கோடு. முதல் நாள் சாயந்திரம் எண்ணிப் பார்த்தால் என் பெயரில் 23 கோடு, அவன் பெயரில் 21 கோடு. "வேணும்னே வெட்டுறான்" என்று இருவரும் நினைத்திருந்தோம். கணக்கு இருவருக்கும் ஏறக்குறைய சமம்!

எப்போது படுகிறது என்று கவனித்தோம். திரையில் மேலும் கீழும் நகரலாம் அல்லவா? இருவரும் ஒரே வரிசையில் நின்றால்தான் வாள் படும். அதிலும் எதிரியை நடுவில் வைத்து எதிரும் புதிருமாக நிற்கும்போதுதான் அதிகம் பட்டது. நாங்கள் அதைத்தான் நல்ல உபாயம் என்று நினைத்துக்கொண்டிருந்தோம்.

அதனால் மூன்று விதி எழுதினோம்.

* முதுகோடு முதுகு நிற்க வேண்டும். உன் பக்கம் வருபவன் உனக்கு, என் பக்கம் வருபவன் எனக்கு.
* இறைச்சி யாருக்கு உயிர் குறைவோ அவனுக்கு. குப்பி டைரிஸை ஆடுபவனுக்கு.
* பட்டுவிட்டால் திருப்பி வெட்டக் கூடாது. "பட்டுச்சுடா" என்று வாயால் சொல்ல வேண்டும்.

இரண்டாம் நாள் என் பெயரில் 6, அவன் பெயரில் 4. மூன்றாம் நாள் டெத் ஆடரை வீழ்த்தினோம். பெரியம்மா "எதுக்குடா இப்படிக் கத்துறீங்க?" என்று அடுப்படியிலிருந்து ஓடி வந்தார்.

முடிவாக

ஐந்தாவது குறையைப் பெரிய குறை என்று எழுதினேன். இப்போது யோசித்தால், வாள் கூட்டாளியைத் தொடாமல் இருந்திருந்தால் நாங்கள் பக்கத்தில் பக்கத்தில் நின்று தனித்தனியாகத்தான் ஆடியிருப்போம். அவன் எங்கே நிற்கிறான் என்று நான் திரும்பிப் பார்த்திருக்கவே மாட்டேன். மற்ற குறைகள் குறைகள்தான், அதில் மாற்றம் இல்லை. இது மட்டும் தொல்லை கொடுத்தே சொல்லிக் கொடுத்தது.

அந்த நடுகல்லை இப்போது நினைத்துப் பாருங்கள். வீரனுக்கு எடுத்த கல்லில் கூட நின்ற நாய்க்கும் இடம் கொடுத்து, பெயரும் வெட்டிவைத்தார்கள்.

யோசித்துப் பாருங்கள்

1. கபடியில் பிடிக்கப் போகும்போது இரண்டு பேர் மோதிக்கொள்கிறார்களே, அதற்கு என்ன விதி எழுதலாம்?
2. "வேணும்னே செஞ்சான்" என்று நீங்கள் நினைத்த ஒன்றை எப்போதாவது கோடு போட்டு எண்ணிப் பார்த்ததுண்டா?

கடைசியாக ஒரு விஷயம். காலாண்டு லீவில் முதல் வெட்டு தெரியாமல்தான் பட்டது. இரண்டாவது வெட்டு தெரிந்தேதான் வெட்டினேன். இதை மாமன் மகனிடம் இதுவரை சொல்லவில்லை. இந்தச் சுவரில்தான் முதன்முதலாகப் படிப்பான். படித்துவிட்டு என்னிடம் வா மச்சான். நோட்டில் அந்த ஒரு கோடு இன்னும் போடவில்லை, நீயே போடு.