சாயக்கழிவும் நுண்ணுயிரும்

தமிழ்த்துறையின் மலரில் சாயக்கழிவுக்கு என்ன வேலை என்று சிலர் வினவக்கூடும். காஞ்சிமாநதி என்று முன்னோர் வழங்கிய ஆறே இன்றைய நொய்யல். வெள்ளியங்கிரி மலையில் தோன்றி, கோவை, திருப்பூர் வழியே ஓடிக் கரூர் மாவட்டத்தில் காவிரியோடு கலக்கிறது. மணிவேலைப்பாட்டிற்குப் பெயர்பெற்ற பழைய கொடுமணல் இவ்வாற்றின் கரையில்தான் உள்ளது. தமிழர் தொழில் வரலாற்றின் ஏடு ஒன்று புதைந்து கிடக்கும் அந்தக் கரையோரம், ஆறே நிறம் மாறி ஓடியதை நம் தலைமுறை கண்டது. 1990களின் தொடக்கத்தில் பாசனத்திற்கெனக் கட்டப்பட்ட ஒரத்துப்பாளையம் அணை சாயக்கழிவின் தேக்கமாயிற்று. உழவர்கள் நீதிமன்றத்தை நாடினர். 2011 ஜனவரி 28 அன்று சென்னை உயர் நீதிமன்றம் திருப்பூரின் எழுநூற்றுக்கும் மேற்பட்ட சாய, சலவை ஆலைகளை மூடுமாறு ஆணையிட்டது. முன்பு உழவருக்கு விளைச்சல் போயிற்று. பின்பு தொழிலாளிக்குக் கூலி போயிற்று. ஆகவே, சாயநீரைத் தூய்மை செய்யும் வினா வெறும் ஆய்வக வினா அன்று.

“நுண்ணுயிர்கள் சாயத்தைத் தின்றுவிடும்” என்று இப்போது எளிதாகச் சொல்லப்படுகிறது. அக்கூற்று எவ்வளவு மெய் என்பதை நோக்குவோம்.

1856இல் இலண்டனில் பதினெட்டு வயது இளைஞராகிய வில்லியம் பெர்க்கின், மலேரியாவுக்குரிய கொயினா மருந்தைச் செயற்கையாக ஆக்க முயன்று, எதிர்பாராது ஓர் ஊதாச் சாயத்தைப் பெற்றார். செயற்கைச் சாயத் தொழில் அங்குத் தொடங்கிற்று. வெயிலுக்கும் சோப்புக்கும் வியர்வைக்கும் அழியாத நிறமே நல்ல நிறம் என்பது அத்தொழிலின் இலக்கணம். துணியில் அழியாதது ஆற்றிலும் அழியாது என்பதை எண்ணிப் பார்த்தவர் அன்று எவருமிலர்.

இன்று வழக்கிலுள்ள சாயங்களுள் பாதிக்கும் மேற்பட்டவை ‘அசோ’ வகையைச் சார்ந்தவை. இரண்டு நைட்ரஜன் அணுக்கள் இரட்டைப் பிணைப்பால் கைகோத்து நிற்க, அவற்றின் இருபுறமும் வளைய அமைப்புடைய கரிமப் பகுதிகள் அமைந்திருக்கும். இந்த அமைப்பு முழுவதும் சேர்ந்தே நிறம் தருகிறது. நடுவிலுள்ள பிணைப்பு அறுந்தால் நிறம் மறையும்.

கழிவுநீர்த் தொட்டிகளில் வழக்கமாகக் காற்றைச் செலுத்தி பாக்டீரியாக்களை வளர்ப்பர். சாக்கடை நீருக்கு இம்முறை மிக ஏற்றது. அசோ சாயத்திற்கோ இது பெரும்பாலும் பயன்படுவதில்லை. காரணம் சுவையானது. பாக்டீரியா தன் உணவை எரித்து ஆற்றல் பெறும்போது வெளிப்படும் எலக்ட்ரான்களை எவரிடமாவது ஒப்படைத்தாக வேண்டும். ஆக்சிஜன் அருகிருந்தால் அதனிடமே கொடுத்துவிடும். சாயத்தைத் திரும்பியும் பாராது. ஆக்சிஜன் இல்லாத மூடிய தொட்டியில் வேறு வழியின்றி அந்த எலக்ட்ரான்கள் அசோ பிணைப்பைச் சென்றடைகின்றன. பிணைப்பு அறுகிறது, சிவந்த நீர் வெளுக்கிறது.

இவ்விடத்தில்தான் பலர் ஏமாறுகின்றனர். பிணைப்பு அறுந்ததும் சாயம் இல்லாமற் போகவில்லை. இரண்டு துண்டுகளாகி, ‘அரோமாட்டிக் அமீன்’ எனப்படும் நிறமற்ற பொருள்களாக நீரிலேயே நிற்கிறது. அவற்றுட் சில, குறிப்பாகப் பென்சிடின் போன்றவை, சிறுநீர்ப்பையில் புற்றுநோயை உண்டாக்குபவை. அத்தகைய அமீன்களைத் தரக்கூடிய அசோ சாயங்களை 1994இல் ஜெர்மனியும் 1997இல் இந்தியாவும் தடை செய்தமை இக்காரணத்தினாலேயே. கண்ணுக்குத் தெரிந்த நஞ்சைக் கண்ணுக்குத் தெரியாத நஞ்சாக்கி விடுவது தூய்மையாகாது.

ஆதலின் இரண்டாம் தொட்டி வேண்டும். முதலாவதில் காற்றின்றி நிறத்தை அறுத்தபின், இரண்டாவதில் காற்றைச் செலுத்தி, வேறு பாக்டீரியாக்களைக் கொண்டு அமீன்களைச் சிதைக்க வேண்டும். அமீன்கள் பலவும் ஆக்சிஜன் உள்ள இடத்திலேயே சிதையும். கந்தக அமிலக் கூறு இணைந்த அமீன்கள் அங்கும் எளிதில் இணங்குவதில்லை.

இன்னொரு வழியைக் காடு காட்டியது. பட்ட மரத்தை வெண்மையாக உளுத்துப்போகச் செய்யும் பூஞ்சை இனம் உண்டு. மரத்திற்கு உறுதி தரும் லிக்னின் என்னும் பொருளை மக்கச் செய்யும் ஆற்றல் அதற்குண்டு. லிக்னினின் அமைப்பு ஒழுங்கற்றது. ஒரு பூட்டுக்கு ஒரு சாவி என்னும் முறையில் இயங்கும் நொதிகளால் அதைத் திறக்க இயலாது. எனவே அப்பூஞ்சை, எதிர்ப்பட்டதையெல்லாம் ஆக்சிஜனேற்றம் செய்யும் முரட்டு நொதிகளைத் தன் உடலுக்கு வெளியே சுரக்கிறது. அந்நொதிகள் சாயத்தையும் சிதைக்கும் என்பதைப் ‘பெனரோகீட் கிரைசோஸ்போரியம்’ என்னும் பூஞ்சையைக் கொண்டு 1983இல் அமெரிக்க ஆய்வாளர்கள் காட்டினர். ஆனால் இப்பூஞ்சை புளிப்புத் தன்மையை விரும்புவது. சாயப்பட்டறை நீரோ சோடாச் சாம்பலால் காரத்தன்மை மிக்கது. குடுவையில் வென்ற பூஞ்சை, திறந்த தொட்டியில் விரைந்து பெருகும் பாக்டீரியாக்களிடம் தோற்றுவிடுவதும் உண்டு.

வேறு சில ஆய்வுகளில் பூஞ்சையோ பாசியோ சாயத்தைத் தன்மேல் ஒட்டிக்கொள்கிறது, அவ்வளவே. நீர் தெளியும், கசடு சிவக்கும். எம் ஆய்வகத்தில் ஒரு மாணவர் தெளிந்த குடுவையைப் பெருமிதத்தோடு கொணர்ந்தார். அடியில் படிந்ததைக் காட்டுமாறு கேட்டேன். நிறம் முழுவதும் அங்கே குடியிருந்தது. அவருடைய ஆய்வு உண்மையில் அன்றுதான் தொடங்கிற்று எனலாம்.

அனைத்தினும் பெரிய தடை உப்பு. பருத்தி இழையும் வினைபுரிச் சாயமும் நீரில் எதிர்மின் சுமை உடையவை, ஒன்றையொன்று விலக்கும். அவ்விலக்கத்தைத் தணிக்க, அடர்ந்த நிறங்களுக்கு ஒரு லிட்டர் சாயநீரில் 50 கிராமும் அதற்கு மேலும் உப்பு இடுகின்றனர். சாயத்தில் ஒரு பங்கேனும் துணியில் தங்குகிறது. உப்போ ஏறத்தாழ முழுவதும் கழிவுநீரில் இறங்குகிறது. அதைத் தின்று தீர்க்கும் நுண்ணுயிர் உலகில் இல்லை. மிகுந்தால் அது நுண்ணுயிரையே வாட்டும். நொய்யல் கரை வயல்களைக் கெடுத்ததில் நிறத்தைக் காட்டிலும் உப்புக்கே பங்கு பெரிது. நிறமற்ற உப்புநீர் பாய்ந்தாலும் பயிர் கருகும்.

மூடப்பட்டபின் மீண்டும் இயங்கிய திருப்பூர்ப் பொதுச் சுத்திகரிப்பு நிலையங்கள் இதனாலேயே நுண்ணுயிரை மட்டும் நம்பி நிற்கவில்லை. உயிரியல் தொட்டியில் கரிமச் சுமையைக் குறைத்தபின், சவ்வுகளின் வழியே அழுத்தத்துடன் செலுத்தி நல்ல நீரைப் பிரிக்கின்றனர். எஞ்சும் உப்புநீரை ஆவியாக்கிகளுக்கு அனுப்புகின்றனர். உப்பும் உப்புநீரும் மீண்டும் சாயமிடப் பயன்படுகின்றன. இவ்வமைப்பில் நுண்ணுயிரின் பணி சிறிதன்று. அது முன்னதாகக் கரிமப் பொருள்களைச் சிதைத்துத் தராவிடில் விலைமிகுந்த சவ்வுகள் விரைவில் அடைபட்டுப்போகும். ஆவியாக்கிக்கு வேண்டும் எரிபொருளும் மின்சாரமும்தான் சிறு பட்டறைக்காரர் தாங்க மாட்டாத செலவு.

இத்துறையில் ஆய்வுத்திட்டம் மேற்கொள்ளும் மாணவர்களுக்கு ஒரு சொல். ‘நூற்றுக்குத் தொண்ணூறு நிறம் நீங்கியது’ என்று எழுதி ஏட்டை மூடிவிடாதீர்கள். அமீன் உள்ளதா, கசடு எங்கே போயிற்று, உப்பு எவ்வளவு என்று அளந்து எழுதுங்கள். விலையுயர்ந்த கருவி இல்லாத கல்லூரியிலும் ஒரு சோதனை இயலும். ஈரத்தாள் பரப்பிய மூன்று தட்டுகளில் பச்சைப்பயற்றை இட்டு, ஒன்றிற்கு நல்ல நீரும், ஒன்றிற்குச் சாயநீரும், மற்றொன்றிற்கு நீங்கள் தூய்மை செய்த நீரும் ஊற்றுங்கள். ஐந்தாம் நாள் வேரின் நீளத்தை அளந்து பாருங்கள்.