வரிக்குப் போன நிலம்

வரி கட்டாத நிலத்தை ஊர்ப் பூங்காவாக்குவது நல்ல காரியந்தானே என்று நாம் எண்ணக்கூடும். அமெரிக்காவில் மின்னசோட்டா மாநிலத்தின் கதையைப் பார்ப்போம்.

அங்கே வரிப் பாக்கி ஆண்டுக்கணக்கில் நின்று, மீட்கும் தவணையும் கடந்தால், நிலம் மாநிலத்தின் கைக்குப் போய்விடும். அதைப் பராமரிப்பதும் விற்பதும் கவுண்டி நிர்வாகம். சிறு நகராட்சிகளுக்கு இது பெரிய வாய்ப்பாக இருந்து வந்தது. சாலைக்கோ பூங்காவுக்கோ வேண்டுமென்று கேட்டு, நிபந்தனைப் பத்திரத்தின்மேல் விலையின்றியே பெறலாம். விலை கொடுத்தும் வாங்கலாம். இலவசமாய்ப் பெற்றதை மூன்றாண்டுக்குள் சொன்ன பயனுக்குக் கொண்டுவராவிடில், அன்றைய மதிப்பைக் கொடுக்க வேண்டும். இல்லையேல் திருப்பிவிட வேண்டும். பூங்கா என்று வாங்கிக் கடைவீதி கட்ட முடியாது! மிக நல்ல ஏற்பாடு.

ஆனால் அந்த இலவசம் யாருடைய பணம்? மினியாப்பொலிஸில் ஜெரால்டின் டைலர் என்னும் மூதாட்டியின் அடுக்குமாடி வீடு 15,000 டாலர் பாக்கிக்காக 2015இல் பறிபோயிற்று. அதில் வரி ஏறத்தாழ 2,300 டாலர்தான். மற்றதெல்லாம் வட்டியும் தண்டமும் செலவும். ஹென்னப்பின் கவுண்டி வீட்டை 40,000 டாலருக்கு விற்றது. மிஞ்சிய 25,000 டாலரில் அவருக்கு ஒரு காசும் தரவில்லை. சட்டம் அப்படித்தான் இருந்தது.

2023 மே 25 அன்று அந்நாட்டு உச்சநீதிமன்றம் ஒருமனதாகத் தீர்ப்பளித்தது. பாக்கியை வசூலிக்க வீட்டை விற்கலாம். பாக்கிக்கு மேற்பட்டதை அரசு எடுத்துக்கொண்டால், அது ஈடு கொடாமல் உடைமையைப் பறிப்பதாகும். அப்போது அம்மூதாட்டிக்கு வயது 94. மறு ஆண்டே மாநிலம் தன் சட்டத்தைத் திருத்தியது.