வேலை பார்க்கும் நாட்டில் குழப்பம் வந்தால்: சிலாவத்துறைக் குடும்பங்களுக்கு ஒரு வழிகாட்டி

சிலாவத்துறையிலும் முசலியின் மற்ற ஊர்களிலும் குவைத், சவூதி, கட்டார், லெபனான் என்று வேலைக்குப் போன பிள்ளைகள் உள்ள வீடுகள் பல. போன நாடு எப்போதும் அமைதியாக இருக்கும் என்பதில்லை. 1990 ஓகஸ்ட் 2ஆம் திகதி ஈராக் படை குவைத்துக்குள் புகுந்தபோது, சுமார் ஒரு இலட்சம் இலங்கையர் அங்கே அகப்பட்டார்கள். 2006 ஜூலையில் லெபனானில் போர் மூண்டது. 2019இல் அதே நாட்டில் மக்கள் வீதிக்கு இறங்கினார்கள். குழப்பம் வந்த பிறகு ஓடித் திரிவதைவிட, அமைதியான நாளில் செய்துவைக்கும் சின்ன வேலைகளே ஆளையும் உழைத்த காசையும் காப்பாற்றும். அவற்றில் பாதியை ஊரில் இருப்பவர்கள்தான் செய்யவேண்டும். முதல் ஆறு பகுதிகளும் வெளிநாட்டில் இருப்பவரிடம் பேசுகின்றன; வீட்டார் அவற்றை அவருக்குச் சொல்லுங்கள்.

1. பத்திரங்களை இரண்டு இடத்தில் வையுங்கள்

1990 ஒக்டோபர் கடைசியில் விடுதலைப் புலிகள் வடக்கு முஸ்லிம்களை வெளியேற்றியபோது, முசலிச் சனமும் கையில் அகப்பட்டதோடு புத்தளம் போய்ச் சேர்ந்தது. உறுதியும் பத்திரமும் இல்லாமல் திரும்பிவந்து காணியைக் காட்டுவது எவ்வளவு பாடு என்று இந்த ஊருக்கு யாரும் சொல்லித்தரத் தேவையில்லை. வெளிநாட்டிலும் அதே கதைதான்.

கடவுச்சீட்டின் முதல் பக்கம், விசா, அகாமா (வதிவிட அனுமதி), வேலை ஒப்பந்தம், வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகப் பதிவு, காப்புறுதிப் பத்திரம் எல்லாவற்றையும் படமெடுத்து வீட்டில் இருவருக்கு வட்ஸ்அப்பில் அனுப்புங்கள். வீட்டார் அவற்றை அச்செடுத்து, காணி உறுதி இருக்கும் பெட்டியிலேயே வைக்கட்டும். கடவுச்சீட்டு முதலாளி கையில் இருந்தால் அதன் இலக்கத்தை மனப்பாடம் செய்யுங்கள். கடவுச்சீட்டு கிடைக்காமல் போனாலும், பிரதி இருந்தால் தூதரகத்தில் தற்காலிகப் பயண ஆவணம் கேட்பது சுலபம்.

2. இருக்கும் இடத்தை வீட்டாருக்குச் சரியாகச் சொல்லுங்கள்

“மகள் பெய்ரூத்தில் இருக்கிறாள்” என்பது தேடுபவருக்குப் போதாது. முதலாளியின் பெயர், தொலைபேசி, வீதி, கட்டடத்தின் பெயர், அருகிலுள்ள பள்ளிவாசல் அல்லது கடை ஆகியவற்றை அரபியிலும் தமிழிலும் எழுதி அனுப்புங்கள். வீடு மாறினால் அன்றே புதிய விபரத்தைச் சொல்லுங்கள். இலங்கைத் தூதரகத்திலும் பெயரைப் பதிந்துகொள்ளுங்கள்.

3. சம்பளத்தைத் தேங்கவிடாதீர்கள்

லெபனானில் 2019 ஒக்டோபரில் போராட்டம் தொடங்கியதும் வங்கிகள் ஏறக்குறைய இரண்டு வாரம் மூடிக்கிடந்தன. ஒரு டொலர் 1,500 லிராவாக இருந்த நாட்டில், 2023 மார்ச்சில் சந்தை விலை ஒரு இலட்சம் லிராவைத் தொட்டது. “மெடத்திடம் இருக்கட்டும், போகும்போது மொத்தமாக வாங்குவோம்” என்று விட்ட சம்பளம் இப்படித்தான் கரையும். மாதாமாதம் வீட்டுக்கு அனுப்புங்கள்; அனுப்பிய துண்டையும் சம்பளக் கணக்கையும் படமெடுத்து வையுங்கள். ஒரு வாரச் செலவுக்கான காசு கையில் இருக்கட்டும்.

4. அறைக்குள் ஒரு சின்னத் தயாரிப்பு

சமையலுக்கும் குடிக்கவும் ஆளுக்கு நாளொன்றுக்கு நான்கு லீட்டர் தண்ணீர் என்று சில நாளுக்குச் சேமியுங்கள். பேரீச்சம்பழம், பிஸ்கட், ரொட்டி, வழக்கமாகக் குடிக்கும் மருந்து, டோர்ச், சார்ஜ் ஏற்றிய பவர் பேங்க் ஆகியவை ஒரே பையில் இருக்கட்டும்.

வெடிச்சத்தம் கேட்டால் ஜன்னலுக்கு ஓடாதீர்கள். 2020 ஓகஸ்ட் 4ஆம் திகதி பெய்ரூத் துறைமுகம் வெடித்தபோது, உடைந்து பறந்த கண்ணாடியால் காயப்பட்டவர்கள் ஏராளம். கண்ணாடி இல்லாத உள்ளறையில், சுவரோரமாக, குனிந்து இருங்கள்.

5. வெளியே போகும்போது

கூட்டம் கூடும் சந்தியைத் தவிர்த்துச் சுற்றுப்பாதையில் போங்கள். ஊர்வலத்தையோ படையினரையோ படமெடுக்காதீர்கள். அந்நாட்டு அரசியல் பற்றி முகநூலில் எழுதாதீர்கள். வளைகுடா நாடுகளில் ஒரு பதிவே சிறைக்குக் கொண்டுபோகலாம். அடையாள அட்டை எப்போதும் உடம்போடு இருக்கட்டும். பிடித்துவைத்தால், “இலங்கைத் தூதரகத்துக்கு அறிவியுங்கள்” என்று கேளுங்கள். 1963ஆம் ஆண்டின் வியன்னா தூதரக உறவு உடன்படிக்கை தந்த உரிமை அது.

6. முதலாளி வீட்டைவிட்டுப் போனால்

2006 போரில் சில முதலாளிமார் வேலைக்காரப் பெண்களை வீட்டில் விட்டுவிட்டுத் தாம் மட்டும் தப்பினார்கள். பூட்டப்பட்ட வீடுகளுக்குள் சிலர் அகப்பட்டார்கள். ஆகவே பதற்றம் தொடங்கிய உடனேயே கேளுங்கள்: “நீங்கள் போனால் என் கடவுச்சீட்டும் வீட்டுச் சாவியும் எங்கே இருக்கும்?” தனித்துவிட்டால் தூதரகத்தையும் அயலாரையும் அழையுங்கள். 2006இல் பெய்ரூத்தில் கரித்தாஸ் தொண்டு நிறுவனம் பலருக்கு அடைக்கலம் தந்தது. சிரியா வழியாகத்தான் பலர் நாடு திரும்பினார்கள். எல்லை கடத்திவிடுவதாகச் சொல்லிக் காசு கேட்பவரோடு தனியே போகாதீர்கள்.

7. ஊரில் இருப்பவர்கள் செய்யவேண்டியது

பேசுவதற்கு நேரம் குறியுங்கள். சிலாவத்துறையில் இரவு 8 மணி, குவைத்தில் மாலை 5.30. ஒரு நேரம் அழைப்பு வராவிட்டால் அடுத்த நேரம்வரை பொறுங்கள். அதுவும் தவறினால் வேலைவாய்ப்புப் பணியகத்தின் 1989ஐ அழையுங்கள், பிறகு முசலிப் பிரதேச செயலகத்துக்குப் போய் எழுத்தில் முறையிடுங்கள். வீட்டில் ஒருவரே எல்லா அலுவலகத்தோடும் பேசட்டும். ஆளாளுக்கு ஒரு விபரம் சொன்னால் தேடுதல் பிந்தும். உறுதியாகாத குரல் பதிவுகளைப் பரப்பாதீர்கள். அங்கே இருக்கும் பிள்ளையின் போனுக்கும் அவை போய்ச் சேரும்.

8. திரும்பி வந்த பிறகு

குவைத் போருக்குப் பின் ஐக்கிய நாடுகள் இழப்பீட்டு ஆணைக்குழு, அங்கிருந்து வெளியேறிய தனியாட்களுக்கு 2,500 அல்லது 4,000 டொலர் என்று நிர்ணயித்தது. அந்த நேரத்தில் அங்கே இருந்தோம் என்று காட்டினால்தான் கோரிக்கை நிற்கும். நுழைவு முத்திரை, பயணச்சீட்டு, சம்பளக் கணக்கு எதையும் எறியாதீர்கள். வரவேண்டிய சம்பளம் இருந்தால் பணியகத்தில் உடனே முறைப்பாடு பதியுங்கள்.

இத்தனையையும் ஒரே நாளில் செய்யத் தேவையில்லை. இன்று இரவு பிள்ளை பேசும்போது, சாப்பாடு விசாரித்த கையோடு மூன்றைக் கேட்டு எழுதுங்கள்: கடவுச்சீட்டு இலக்கம், வீட்டு விலாசம், இந்த மாதச் சம்பளம் கைக்கு வந்ததா என்பது. தொடங்குவதற்கு அது போதும்.