கத்தி இன்னும் டாக்டர் கையில்தான்

அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி வட்டாரத்தில் யாருக்காவது பைபாஸ் என்றால் முகப்பேர், வானகரம், போரூர் என்று ஆஸ்பத்திரிகளைப் பற்றிய பேச்சு உடனே தொடங்கிவிடும். நாட்டின் முதல் பைபாஸ் அறுவையை 1975இல் கே.எம். செரியன் செய்ததும் தூரத்தில் இல்லை, பெரம்பூர் ரயில்வே மருத்துவமனையில்தான். இப்போது அந்தப் பேச்சில் புதிதாக ஒரு கேள்வி சேர்ந்திருக்கிறது: “அங்கே ஏ.ஐ. இருக்காமே?” செயற்கை நுண்ணறிவு இதய சிகிச்சையில் எதைச் செய்கிறது, எதைச் செய்வதில்லை?

நம்பிக்கை: ரோபோ தானாகவே ஆபரேஷன் செய்துவிடும், டாக்டர் மேற்பார்வை பார்த்தால் போதும்.

உண்மை: இதய அறுவையில் இன்று பயன்படும் ரோபோ தானாக ஒரு தையல்கூடப் போடுவதில்லை. மருத்துவர் தனி மேசையில் அமர்ந்து கையை அசைக்க, அந்த அசைவையே அதன் கரங்கள் நுணுக்கமாகச் செய்கின்றன. 2025 ஜனவரியில் ஜெய்ப்பூர் நோயாளிக்கு 286 கி.மீ. தள்ளி குருகிராமிலிருந்து இந்தியத் தயாரிப்பான ‘எஸ்.எஸ்.ஐ. மந்த்ரா’ ரோபோ வழியாக இதய அறுவை செய்தார்களே, அதிலும் கருவியை இயக்கியது மருத்துவரின் கைதான். தானே தைக்கும் ரோபோவை ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகம் 2022இல் சோதித்துக் காட்டியது உண்மை. ஆனால் அது தைத்தது பன்றியின் குடலை. துடிக்கும் மனித இதயத்தை அல்ல.

நம்பிக்கை: அப்படியானால் ஏ.ஐ. என்பது வெறும் விளம்பரம்.

உண்மை: அதுவும் இல்லை. அதன் வேலை பெரும்பாலும் ஆபரேஷன் தியேட்டருக்கு வெளியே நடக்கிறது. சி.டி. படத்தில் ரத்தக்குழாய் சுருங்கியிருப்பது தெரியும்; அந்தச் சுருக்கம் ரத்த ஓட்டத்தை எவ்வளவு தடுக்கிறது என்பது கண்ணுக்குத் தெரியாது. அதைக் கணக்கிட்டுச் சொல்லும் மென்பொருளுக்கு அமெரிக்கா 2014இலேயே அனுமதி தந்தது. ஸ்டென்ட்டோ பைபாஸோ தேவைப்படாத அடைப்பைப் பிரித்தறிய அது உதவுகிறது.

பெரிய பலன் இ.சி.ஜி.யில் கிடைக்கிறது. தைவானில் ஏ.ஐ. இ.சி.ஜி.யைப் படித்து இதய மருத்துவருக்கு உடனே எச்சரிக்கை அனுப்பும் முறையைச் சோதித்தார்கள். அவசர சிகிச்சைப் பிரிவுக்கு வந்த மாரடைப்பு நோயாளிகளுக்கு அடைப்பைத் திறக்க வழக்கமாக 96 நிமிடம் ஆன இடத்தில் 82 நிமிடமே ஆனது. மாரடைப்பில் ஒவ்வொரு நிமிடமும் இதயத் தசை செத்துக்கொண்டிருக்கிறது. 14 நிமிட மிச்சம் சின்ன விஷயமல்ல.

நம்பிக்கை: ஏ.ஐ. உள்ள பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனால்தான் பிழைக்க முடியும்.

உண்மை: தமிழ்நாட்டின் அனுபவம் வேறு. முகப்பேர் மெட்ராஸ் மெடிக்கல் மிஷனின் அஜித் முல்லசாரியும் கோவையின் தாமஸ் அலெக்சாண்டரும் முன்னின்று நடத்திய திட்டத்தில், 35 சிறிய மருத்துவமனைகளை நான்கு பெரிய மருத்துவமனைகளோடு இணைத்தார்கள். சிறிய இடத்தில் எடுத்த இ.சி.ஜி. பெரிய இடத்துக்குப் போகும். அங்கிருக்கும் மருத்துவர் பார்த்து அடுத்த அடியைச் சொல்வார். மாரடைப்பு நோயாளிகளிடையே ஓராண்டுக்குள் நேர்ந்த இறப்பு 17.6 சதவீதத்திலிருந்து 14.2 சதவீதமாகக் குறைந்தது. 2017இல் வெளியான இந்த முடிவுக்குப் பின்னால் இருந்தது ஒழுங்கான ஏற்பாடு, ஏ.ஐ. அல்ல. 2023இல் தொடங்கிய ‘இதயம் காப்போம்’ திட்டத்தில் ஆரம்ப சுகாதார நிலையங்களிலேயே முதலுதவியாக 14 மாத்திரைகள் தருகிறார்கள். இப்படி ஒரு சங்கிலி ஏற்கெனவே இருந்தால், அதன் ஒரு கண்ணியை ஏ.ஐ. வேகப்படுத்தும், சங்கிலியே இல்லாத இடத்தில் அதனால் பயனில்லை.

நம்பிக்கை: கம்ப்யூட்டர் கணக்கு, தப்பாது.

உண்மை: யாருடைய தகவலில் பயின்றதோ, அவர்களுக்கே அது நன்றாகக் கணிக்கும். 52 நாடுகளில் நடந்த ‘இன்டர்ஹார்ட்’ ஆய்வில், முதல் மாரடைப்பு வரும் வயது தெற்காசியரிடம் சராசரியாக 53 ஆகவும், பிற நாட்டினரிடம் ஏறத்தாழ 59 ஆகவும் இருந்தது. மேலைநாட்டு நோயாளிகளை வைத்து உருவான கருவி நம் ஆட்களின் ஆபத்தைக் குறைத்து மதிப்பிட இடமுண்டு. சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட அப்போலோ, மைக்ரோசாஃப்ட்டோடு சேர்ந்து 2018இல் இந்தியருக்கென்றே இதய அபாயக் கணிப்பு முறையை உருவாக்கியதற்கு இதுவே காரணம். தொலைமருத்துவத்துக்கான 2020ஆம் ஆண்டு வழிகாட்டுதலும் தெளிவாகச் சொல்கிறது: ஏ.ஐ. மருந்து எழுதக் கூடாது, நோயாளிக்கு ஆலோசனை சொல்லக் கூடாது. பதிவுபெற்ற மருத்துவருக்கு அது துணைசெய்யலாம். ஆகவே ரிப்போர்ட் கையில் வந்ததும், “இதை எந்த டாக்டர் பார்த்தார்?” என்று தயங்காமல் கேளுங்கள்.

நம்பிக்கை: கையில் ஸ்மார்ட் வாட்ச் இருக்கிறது, மாரடைப்பு வந்தால் காட்டிக்கொடுத்துவிடும்.

உண்மை: சில வாட்சுகள் சீரற்ற இதயத்துடிப்பைக் கண்டுபிடிக்கும். மாரடைப்பைக் கண்டறிய முடியாது என்று ஆப்பிள் நிறுவனமே எழுதி வைத்திருக்கிறது. நெஞ்சை அழுத்தும் வலி, இடது கைக்கோ தாடைக்கோ பரவும் வலி, கூடவே வியர்வை என்றால் ‘வாயுத் தொல்லை’ என்று சோடா குடித்துவிட்டு விடியும்வரை காத்திருக்கக் கூடாது. 108ஐ அழையுங்கள், முதலில் கிடைக்கும் மருத்துவமனையில் இ.சி.ஜி. எடுங்கள். எவ்வளவு கெட்டிக்கார ஏ.ஐ.யாக இருந்தாலும், எடுக்காத இ.சி.ஜி.யைப் படிக்காது.