வாயால் சொல்லும் பிள்ளை கையாலும் எழுதும்



காமன் கூத்தைப் பற்றிக் கேட்டால் மூச்சு விடாமல் சொல்லுகிற பிள்ளை, அதையே பத்து வரி எழுதச் சொன்னால் பென்சிலைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும். "ஒனக்குப் படிப்பு ஏறாது" என்று நாமும் ஏசிவிடுகிறோம். அப்படி ஏசுவது நியாயமில்லை.

கட்டுரை எழுதும் பிள்ளைக்கு ஒரே நேரத்தில் பல வேலை. என்ன சொல்வது என்று யோசிக்க வேண்டும். 247 எழுத்தில் எது வரும் என்று தேட வேண்டும். 'ல'வா, 'ள'வா, 'ழ'வா? வீட்டுப் பேச்சு ஒரு மாதிரி, புத்தகத் தமிழ் வேறு மாதிரி. எழுத்தைத் தேடி முடிப்பதற்குள் சொல்ல வந்த விசயம் மறந்து போகிறது. இந்த வேலைகளை ஒவ்வொன்றாகப் பிரித்துக் கொடுத்தால் பிள்ளைக்குச் சுமை குறையும். அதற்கு வீட்டிலுள்ள போன் உதவும்.

நாம் பேசுவதைத் தமிழ் எழுத்தில் காட்டும் வசதியைக் கூகுள் 2017இல் கொண்டுவந்தது. போனின் எழுத்துப் பலகையில் (ஜீபோர்ட்) மொழிப் பகுதிக்குப் போய்த் தமிழைச் சேர்த்துவிட்டால், மைக் படத்தைத் தொட்டுப் பேசலாம். இதற்குத் தனியாகக் காசு இல்லை. டேட்டாவும் சிக்னலும் வேண்டும். செய்யத் தெரியாவிட்டால் தோட்டத்தில் படித்த பிள்ளைகளிடம் கேளுங்கள்.

செய்யும் முறை

1. முதலில் போன் வேண்டாம். பிள்ளையைக் கதைக்க விடுங்கள். "பொறகு என்ன நடந்திச்சு? யாரு யாரு வந்தாங்க?" என்று கேளுங்கள். எழுத வாசிக்கத் தெரியாத தாயும் இதைச் செய்யலாம்.

2. பிறகு மைக்கைத் தொட்டு, ஒவ்வொரு வசனமாக நிறுத்திச் சொல்லச் சொல்லுங்கள். பக்கத்தில் டிவி, ரேடியோ சத்தம் இருக்கக் கூடாது.

3. திரையில் வந்ததைப் பிள்ளை வாய்விட்டு வாசிக்கட்டும். பிழைகளைப் பிள்ளையே தேடட்டும். 'மழை' என்று சொன்னது 'மலை' என்று விழுந்திருக்கலாம். முற்றுப்புள்ளியும் பல இடத்தில் இருக்காது.

4. பேச்சுத் தமிழை எழுத்துத் தமிழாக மாற்றட்டும்.

5. கடைசியில் போனை மூடிவைத்து, கொப்பியில் தன் கையால் எழுதட்டும்.

ஓர் உதாரணம். பிள்ளை சொன்னது: "எங்க தோட்டத்துல மாசி மாசம் காமன் கூத்து நடக்கும் ரதி மன்மதன் வேசம் போட்டு ஆடுவாங்க கடைசில மன்மதன எரிச்சிருவாங்க."

கொப்பியில் எழுத வேண்டியது: "எங்கள் தோட்டத்தில் மாசி மாதம் காமன் கூத்து நடைபெறும். ரதி, மன்மதன் வேடமிட்டு ஆடுவார்கள். கடைசியில் மன்மதனை எரித்துவிடுவார்கள்."

விசயம் முழுவதும் பிள்ளையுடையது. திருத்தியதும் பிள்ளைதான். போன் எழுதுகிற கை மாதிரி கொஞ்ச நேரம் உதவியது, அவ்வளவுதான்.

கவனிக்க வேண்டியவை

ஐந்தாவது படியை விட்டுவிடாதீர்கள். பரீட்சை மண்டபத்தில் போன் கிடையாது, அங்கே பேனைதான். போன் எழுதியதைப் பார்த்து அப்படியே கொப்பி பண்ணினால் பிள்ளையின் கை பழகாது. ஒரு மாதம் போனதும் முதல் மூன்று வசனத்தைப் போன் இல்லாமல் எழுதச் சொல்லுங்கள். பிறகு ஐந்து, பிறகு முழுவதும்.

பேசும் குரல் பெரும்பாலும் இன்டர்நெட் வழியாகப் போய்த்தான் எழுத்தாகி வருகிறது. அதனால் அடையாள அட்டை இலக்கம், வங்கிக் கணக்கு இலக்கம் போன்றவற்றை மைக்கில் சொல்லக் கூடாது. வேலை முடிந்ததும் போனைத் திரும்ப வாங்கிக்கொள்ளுங்கள்.

நன்றாகக் கதை சொல்லும் பிள்ளை பல மாதம் பழகியும் எழுத்தை மாற்றி மாற்றி எழுதினால், கரும்பலகை தெரியவில்லை என்றால், அடிக்காதீர்கள். கண் பார்வையைப் பரிசோதியுங்கள். வகுப்பு ஆசிரியரிடமும் சொல்லுங்கள்.

மலையில் கொழுந்து பறித்துவிட்டு வரும் தாய்க்கு அலுப்பு இருக்கும். கிழமைக்கு இரண்டு நாள், கால் மணித்தியாலம் ஒதுக்கினால் போதும். சொல்லத் தெரிந்த பிள்ளைக்கு எழுதவும் வரும். ஏசுவதை விட்டு, முதலில் அதன் கதையைக் கேளுங்கள்.