நாணும் கட்டை விரலும்

சென்ற விடுமுறையில் வந்த பேரன், மதுரைக் கோட்டை மதிலில் 'வளைவிற்பொறி' இருந்ததாகச் சிலப்பதிகாரத்தில் படித்துவிட்டு, "அது என்ன தாத்தா?" என்று கேட்டான். அடைக்கலக் காதையில் வரும் இச்சொல், வளைந்து தானே அம்பு எய்யும் எந்திர வில்லைக் குறிக்கும். அதைப் போன்ற, ஆனால் கையால் இயக்கும் ஒரு பொறியை நான் கேரளத்தில் கண்டிருக்கிறேன். கட்டை விரலில் அதன் தழும்பும் இருக்கிறது.

பாலக்காட்டு ரயில்வே கோட்டத்தில் பணியாற்றிய நாட்களில், பட்டாம்பி அருகே பாரதப்புழைக் கரையில் ஒரு பெரியவர் 'தெற்றாலி' கொண்டு மீன் பிடிப்பார். துப்பாக்கி போன்ற மரக்கட்டை, முனையில் குறுக்கே வில், நாணை நிறுத்தத் தாழ், கீழே விசை. மீன் தப்பாதிருக்க அம்பில் கயிறு கட்டியிருக்கும். 'இஞ்சினீயருக்குத் தெரியாததா' என்று நானும் வாங்கி இழுத்தேன். நாண் தாழில் சரியாக விழவில்லை. அதன் பாதையில் இருந்த என் கட்டை விரல் நகம் பெயர்ந்தது. இரு வாரம் பேனா பிடிக்க முடியவில்லை. "ஆத்யம் ஞாண், பின்னெ அம்பு, சாறே" என்றார் பெரியவர். முதலில் நாண், பிறகே அம்பு. நல்ல வேளை, அன்று அம்பு பொருத்தியிருக்கவில்லை.

கணக்கைப் பாருங்கள். இழுக்க இழுக்கப் பலம் கூடிக்கொண்டே போகும். 30 செ.மீ. இழுத்து முடிக்கையில் 50 கிலோ பலம் தேவைப்பட்டால், வில்லில் சேரும் ஆற்றல் சுமார் 73 ஜூல். 10 கிலோ சம்மட்டி முக்கால் மீட்டர் உயரத்திலிருந்து விரல்மேல் விழுவதற்குச் சமம்.

எனவே, இன்று விளையாட்டுக் கழகங்களில் குறுக்குவில் பழகும் பிள்ளைகள் இவற்றை மறக்கக் கூடாது:

1. முதலில் நாண், வில், தாழ் ஆகியவற்றில் பிரிசலோ விரிசலோ உண்டா என்று பார்க்க வேண்டும்.

2. முனையிலுள்ள கால்வளையத்தைத் தரையில் வைத்து, காலால் அழுத்தி, இரு கைகளாலும் நாணைச் சமமாக இழுக்க வேண்டும். ஒரு பக்கம் கூடினால் அம்பு விலகும்.

3. தாழ் விழும் 'டக்' என்ற ஒலி கேட்ட பிறகே கையை எடுக்க வேண்டும். காப்புப் பூட்டு தானாக விழாவிட்டால் உடனே போட வேண்டும்.

4. முனையை இலக்கின் பக்கம் திருப்பிய பிறகே அம்பை வைத்து, நாணோடு ஒட்டும்வரை தள்ள வேண்டும்.

5. விரல்கள் நாண் ஓடும் பாதைக்குக் கீழே இருக்கட்டும். குறி வைத்த பிறகே விசையில் விரல்.

6. அம்பில்லாமல் விசையை அழுத்தக் கூடாது. அம்பு கொண்டுபோக வேண்டிய ஆற்றல் வில்லையே பிளந்துவிடும்.

இன்னொன்று. காட்டு விலங்குகளை வேட்டையாடுவது 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். இலக்குப் பலகையோடு நிற்பதே நலம்.

ரயில்வேயிலும் இதே பாடந்தான். அமுங்கிய ஸ்பிரிங் சும்மா இருப்பதாகத் தோன்றும், சும்மா இருப்பதில்லை.

பேரனும் நானும் மூங்கில் குச்சியில் ஒரு சிறு மாதிரி செய்தோம். நாணை நான் இழுக்கும்போது அவன் கேட்டான்: "தாத்தா, உங்க கட்டை விரல் எங்கே இருக்கு?"

பாடம் பதிந்துவிட்டது.