முதிய பூனையும் ஐந்து அதிசாரங்களும்

இல்லறத்தார் ஏற்கும் அணுவிரதங்களுள் முதலாவது கொல்லாமை. அதனை மாசுபடுத்தும் அதிசாரங்கள் ஐந்து என உமாசுவாமிகள் தத்துவார்த்த சூத்திரத்தின் ஏழாம் அத்தியாயத்தில் வகுத்தருளினார். கட்டுதல், அடித்தல், உறுப்பறுத்தல், மிகுபாரம் ஏற்றுதல், உணவும் நீரும் தடுத்தல் என்பன அவை. இவற்றை உழவு மாட்டுக்கும் வண்டி மாட்டுக்கும் உரியனவாகவே பலரும் படித்து வருகிறோம். இன்று நம் இல்லங்களில் எழும் ஒரு சிக்கலை இவற்றைக் கொண்டு ஆராய்வோம்.

ஓர் இல்லத்தில் முன்னரே நான்கு பூனைகள் உள்ளன எனக் கொள்வோம். மழைக்கு ஒதுங்கிய முதிய தெருப் பூனையொன்றுக்கும் இரங்கி இடம் தந்தனர். சில திங்களில் பூசல் மூண்டது. முதியது பரண்மேல் ஒதுங்கிக் கிடக்கிறது. உண்ண இறங்கினால் மற்றவை வழிமறிக்கின்றன. நாளுக்கு நாள் மெலிகிறது. கண்ட இடத்தில் சிறுநீர் கழிக்கிறது. வேறிடம் அனுப்ப எண்ணும் இல்லத்தார், அது தயைக்கு மாறாகுமோ என்று கலங்குகின்றனர்.

பிரமாதத்தால், அதாவது கவனமின்மையாலும் கஷாயத்தாலும், உயிருக்கு ஊறு செய்தலே ஹிம்சை என்பது ஆகமத் துணிபு. ஆகலின் அனுப்புவதா வைத்திருப்பதா என்பதைவிட, எவ்வளவு கருத்தோடு செய்கிறோம் என்பதே முதற்கண் நோக்கத்தக்கது.

முதலில் கால்நடை மருத்துவரிடம் காட்டுதல் வேண்டும். முதிய பூனைக்குச் சிறுநீரகக் கோளாறும் பல்நோயும் பெரிதும் வருவன. நோயைக் குறும்பு எனக் கருதி வெளியேற்றுவது பெரும்பிழை. அடுத்து, அதனைத் தனியறையில் வைத்து, ஒன்றன் மணம் படிந்த துணியை மற்றவற்றுக்குக் காட்டி, கதவின் இருபுறமும் உணவிட்டுச் சில வாரங்கள் பொறுமையாகப் பழக்குதல் நன்று. பூனைகளின் எண்ணிக்கையைவிட ஒன்று மிகுதியாக மலத்தட்டுகள் வைத்தல் நலம். காயடிக்கப்படாத கடுவன்களே பெரும்பாலும் சண்டைக்குக் காரணமாதலின், கருத்தடை பற்றியும் மருத்துவரைக் கேட்கலாம். வெறுப்பினால் உறுப்பறுத்தலும், நலம் கருதிச் செய்யும் சிகிச்சையும் பரிணாமத்தால் வேறாம் என்க.

இவையனைத்தும் பயன் தராதபோது அதிசாரங்களை எண்ணிப் பார்க்க. வாழ்நாள் முழுதும் ஓரறையில் பூட்டி வைப்பின் அது கட்டுதல். பூசலை அடக்கக் கோலெடுப்பின் அது அடித்தல். தாங்கவொண்ணா அச்சத்தை நாள்தோறும் சுமக்க விடுதலும் ஒருவகை மிகுபாரமே. பிற பூனைகள் உணவைத் தடுப்பதைக் கண்டும் வாளாவிருப்பின், அத்தடையில் நமக்கும் பங்குண்டு. இந்நிலையில் பிரிய மனமின்றி வைத்திருப்பது தயையன்று, பற்றே ஆகும்.

எனினும் சாக்கில் கட்டி ஆற்றுக்கப்பாலோ சந்தையிலோ விடுதல் அனுப்புதல் ஆகாது, அது கைவிடுதல். பசியாலும் தாகத்தாலும் வருந்தும்படி விலங்கைக் கைவிடுவது 1960ஆம் ஆண்டின் விலங்குவதைத் தடுப்புச் சட்டப்படியும் குற்றமாகும். வேறு பூனையில்லாத அமைதியான இல்லத்தைத் தேடுக. வயதையும் நோயையும் மறையாது கூறுக. மறைத்தால் சத்தியாணுவிரதமும் பழுதுறும். பழகிய துணியையும் தட்டையும் உடன் அனுப்புக. பழைய இடத்தை நாடி ஓடாதிருக்க, புதிய இல்லத்தார் சில வாரங்கள் வெளியே விடாமல் காத்தல் வேண்டும். இரண்டு நாள் உண்ணாதிருந்தால் மருத்துவரை நாடச் சொல்க. ஒத்துவராவிடில் திரும்ப ஏற்பதாக வாக்களித்து, அவ்வாக்கைக் காத்திடுக.

இனி, ஊனுண்ணும் பூனைக்கு நாம் இடமளிக்கலாமா என்னும் வினா எழும். பூனை முதலியன வளர்த்தலை அனர்த்த தண்டத்துள் அடக்கும் சிராவகாசார மரபும் உண்டு. எலியைக் கொல்விக்கவும் வேடிக்கைக்காகவும் வளர்ப்பதையே அது விலக்கிற்று எனக் கொள்ளுதல் பொருந்தும். சீவக சிந்தாமணியில் சீவகன், அடியுண்டு இறக்கும் நாயின் செவியில் ஐம்பத மந்திரம் ஓதினான். அது சுதஞ்சணன் என்னும் தேவனாயிற்று. அது என்ன உண்டது என்று அவன் வினவவில்லை. தில்லிச் செங்கோட்டைக்கு எதிரே நம் சமயத்தார் நடத்தும் பறவை மருத்துவமனையிலும் ஊனுண்ணும் பறவைகளைத் தங்க வைப்பதில்லை. ஆயினும் வெளிநோயாளியாக ஏற்று மருந்திடுகின்றனர்.

பாலும் தயிர்ச்சோறும் பூனைக்குப் போதும் என்பது தவறான எண்ணம். வளர்ந்த பூனைகள் பலவற்றுக்குப் பால் செரிப்பதில்லை. டாரின் என்னும் சத்து உணவின் வழியே கிடைக்காவிடில் பார்வையும் இதயமும் கெடும். அதற்குரிய உணவை நம் விரதம் தடுக்குமாயின், அதனை முறையாகப் பேணும் பிறர் இல்லத்தில் சேர்ப்பதே பசியால் வாட்டுவதினும் குறைந்த ஹிம்சை. பழி முழுதும் நீங்கிற்று என மகிழ இடமில்லை. ஆதலின், பேண இயலும் அளவுக்கு மேல் உயிர்களைச் சேர்க்காதிருத்தலும் விரதத்தின் பகுதியே எனத் தெளிக.

பயிற்சி வினாக்கள்:

1. அனுப்புதலுக்கும் கைவிடுதலுக்கும் உள்ள வேறுபாடு யாது?

2. நம் வீட்டில் வாழும் உயிர்களிடத்து ஐந்து அதிசாரங்களுள் எது நம்மை அறியாமலே நிகழ்கிறது?

ஜீவதயை வளர்க!